முக்திநாதரைச் சேவிக்கச் செல்வோர் கவனத்திற்கு

நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் பூவுலகில் சேவிக்கத்தக்கவை நூற்றாறு. அவற்றுள் பாரத நாட்டின் எல்லைக்கு அப்பால் அமைந்தது திருச்சாளக்கிராமம் ஒன்றே. நேபாள நாட்டின் முஸ்தாங் மாவட்டத்தில், கண்டகி நதிப் பள்ளத்தாக்குக்கு மேலே உள்ள முக்திநாத்தையே பெரும்பாலோர் அத்திருப்பதியாகக் கொண்டு சேவிக்கின்றனர். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த அப்பதியை ஒருமுறையேனும் கண்ணாரக் காண வேண்டும் என்பது பல இல்லங்களில் மூத்தோரின் நெடுநாள் அவா. பணி ஓய்வு பெற்று, மக்களுக்கு மணம் முடித்து, கையில் சிறிது பொருளும் பொழுதும் சேரும்போது வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிடுகிறது. ஆகவே இந்த யாத்திரைக்குப் பக்தியோடு முன்னேற்பாடும் வேண்டும்.

முதலில் உயரத்தைப் பற்றி அறிந்துகொள்வது நலம். உதகைக்கு அருகிலுள்ள தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரம் உடையது. முக்திநாத்துக்கு அடிவாரம் போன்ற ஜோம்சோம் ஊரே அதைவிடச் சற்று உயரத்தில் இருக்கிறது. முக்திநாத் அதற்கும் மேலே ஏறத்தாழ 1,000 மீட்டர்; அதாவது சுமார் 3,700 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரை ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. பொக்காரா நகரமோ 800 மீட்டரை ஒட்டிய உயரத்தில்தான் உள்ளது. காலையில் அங்கே விமானம் ஏறுபவர் இருபது நிமிடத்தில் ஜோம்சோம் சேர்ந்து, உடனே ஜீப்பில் புறப்பட்டால் நண்பகலுக்குள் சந்நிதிக்கு அருகில் நிற்கலாம். அரை நாளில் ஏறக்குறைய 2,900 மீட்டர் ஏறிய உடல் அதைத் தாங்குமா என்பதே கேள்வி.

எனவே இந்த யாத்திரைக்கு மூட்டையில் முதலில் வைக்க வேண்டிய பொருள் நாட்கள். ஜோம்சோமிலோ, அதன் அருகிலுள்ள மார்பா, காக்பேனி ஆகிய ஊர்களிலோ ஓரிரு இரவுகள் தங்கிய பின்னரே மேலே ஏறுவது முதியோர்க்கு ஏற்றது. தரிசனம் முடிந்ததும் அன்றே இறங்கி, கீழே உறங்குவது நன்று. குழுவாக அழைத்துச் செல்லும் யாத்திரை ஏற்பாட்டாளரிடம் கட்டணத்தைக் கேட்பதற்கு முன், ஜோம்சோமில் எத்தனை இரவுகள், உபரியாக எத்தனை நாட்கள், ஆக்ஸிஜன் உருளை உடன் வருமா, ஒருவர் நலம் குன்றினால் அவருடன் இருக்கப்போவது யார் என்ற நான்கையும் கேட்டுவிட வேண்டும். குறைந்த கட்டணத்தில் பெரும்பாலும் குறைக்கப்பட்டிருப்பது நாட்களே.

உயரத்தால் வரும் நோய் தலைவலியில் தொடங்கும். குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், உறக்கமின்மை ஆகியவை உடன் வரலாம். ஏறிய சில மணி நேரத்திலோ மறுநாளோ அவை தோன்றும். அந்நிலையில் மேலும் ஏறக் கூடாது. ஓய்வெடுத்துக் கவனிக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், இருமல் மிகுந்தாலும், நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினாலும், பேச்சு குழறினாலும் அது உயிருக்கு ஆபத்தான நிலை. விடியட்டும் என்று காத்திராமல் உடனே கீழே இறங்குவதே முதன்மையான மருந்து. இதய நோய், நுரையீரல் நோய், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உடையோர் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே தம் மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கருத்துக் கேட்க வேண்டும். உயர நோயைத் தடுக்கும் மாத்திரைகள் உண்டு. ஆயினும் பிறர் சொன்னார் என்று அவற்றைத் தாமே வாங்கி உண்பது தவறு.

உயரத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது நோயை மறைப்பது. கூட வந்தவர்களுக்குத் தடையாகிவிடுவோமோ என்ற கூச்சமும், இவ்வளவு தூரம் வந்து தரிசனம் தவறிவிடுமோ என்ற அச்சமும் முதியோரை வாய் திறக்கவிடுவதில்லை. இரவெல்லாம் தலைவலியோடு விழித்திருந்தவர், காலையில் யாருக்கும் சொல்லாமல் திருமண் இட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறி அமர்ந்துவிடுகிறார். ஆகவே தம்பதியராகச் செல்வோர் இல்லத்தை விட்டுப் புறப்படும் முன்னரே ஒரு முடிவுக்கு வந்துவிடுவது நல்லது. ஒருவரால் ஏற இயலாவிட்டால் மற்றவர் என்ன செய்வது என்பதை அங்கே போய்ப் பேசினால் கண்ணீரும் மனத்தாங்கலுமே மிஞ்சும். நலம் குன்றியவரை விடுதி அறையில் தனியே விட்டுவிட்டு மற்றவர்கள் மேலே செல்வது எவ்வகையிலும் தகாது. சாளக்கிராமங்களைத் தரும் காளி கண்டகி, காக்பேனியில் கையால் தொடும் அருகிலேயே ஓடுகிறது. முன்னோர்க்குரிய கடன்களை அன்பர்கள் செய்யும் இடமும் அதுவே. அந்தக் கரையில் நின்று மேல் நோக்கிக் கைகூப்பித் திரும்புபவரின் யாத்திரை வீணாகாது.

சந்நிதியைச் சூழ்ந்து 108 தாரைகளில் தீர்த்தம் விழுகிறது. முன்புறம் இரு குளங்கள் உள்ளன. பனிக்கு நிகரான அந்த நீரில் திடீரென நனைவது இதய நோயாளருக்கு ஆகாது. அத்தகையோர் தீர்த்தத்தைத் தலையில் ப்ரோக்ஷித்துக்கொண்டாலே போதும். நீராடுவோர் உலர்ந்த ஆடையையும் கம்பளியையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜீப் நிற்கும் ராணிபௌவாவிலிருந்து கோயிலுக்கு ஏற்றமும் படிகளும் உண்டு. முழங்கால் வலியுள்ளோர்க்கு மட்டக் குதிரைகள் வாடகைக்குக் கிடைக்கும்.

பங்குனி முதல் வைகாசி நடு வரையும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களும் பயணத்திற்கு ஏற்றவை. மழைக்காலத்தில் மலைச்சரிவுகள் பாதையை அடைக்கும். ஜோம்சோம் பள்ளத்தாக்கில் பகலில் பலத்த காற்று எழுவதால் விமானங்கள் காலை வேளையில் மட்டுமே பறக்கின்றன. மேகம் கவிந்தால் அவையும் நிற்கும். 2022 மே 29 அன்று பொக்காராவிலிருந்து ஜோம்சோம் சென்ற சிறு விமானம் மலையில் மோதி, அதிலிருந்த 22 பேரும் உயிரிழந்தனர். அவர்களுள் நால்வர் இந்தியர். வானிலை காரணமாக விமானம் நிறுத்தப்பட்டால் சினம் கொள்ளாமல் காத்திருப்பதே அறிவுடைமை. அதற்காகவே இரண்டு நாட்களேனும் உபரியாக வேண்டும். ஊர் திரும்பும் பயணச்சீட்டையும் அதற்கேற்பவே பதிவு செய்ய வேண்டும்.

நேபாளம் செல்ல இந்தியருக்கு விசா தேவையில்லை. ஆயினும் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை கட்டாயம். 65 வயதைக் கடந்தவர்கள் ஆதார் போன்ற, வயதும் புகைப்படமும் உள்ள வேறொரு சான்றைக் காட்டலாம். கணவருக்கு 68, மனைவிக்கு 62 என்றால் கணவரின் ஆதார் செல்லும். மனைவியின் ஆதார் செல்லாது. இருவரும் பாஸ்போர்ட்டையே கொண்டு செல்வது சிக்கலைத் தவிர்க்கும். மலைப்பகுதி அனுமதிச் சீட்டுக்காகச் சில புகைப்படங்களும் வேண்டும்.

இந்திய ரூபாய் ஒன்றுக்கு நேபாள ரூபாய் 1.60 என்பது 1993 முதல் மாறாத விகிதம். பெரிய இந்திய நோட்டுகள் பற்றிய விதிகளோ பலமுறை மாறியுள்ளன. எனவே புறப்படும் வாரத்தில் வங்கியில் கேட்டறிந்து, நூறு ரூபாய் நோட்டுகளாகவே பெரும்பகுதியை எடுத்துச் செல்வது நலம். நகரங்களில் கைப்பேசி வழியே பணம் செலுத்த முடிந்தாலும் மலையில் அதை நம்பியிருக்க இயலாது. பணத்தை இருவரும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். காத்மாண்டு பசுபதிநாதர் ஆலயத்தினுள் தோல் பொருட்களுக்கு அனுமதி இல்லை; தோல் பணப்பையையும் இடுப்புப் பட்டையையும் விடுதியிலேயே விட்டுச் செல்லலாம்.

மருந்துகளைப் பயண நாட்களோடு மேலும் ஒரு வாரத்திற்குச் சேர்த்து, மருத்துவரின் சீட்டுடன், இரு பைகளில் பிரித்து வைப்பது முறை. இன்சுலின் உறைந்தால் பயன்படாது. அதை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். குழாய் நீரும் பனிக்கட்டியும் பச்சைக் காய்கறியும் எங்கும் வேண்டாம். மலை உயரத்தில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஆகவே மூன்று நிமிடமேனும் தொடர்ந்து கொதிக்கவிட்டு ஆறிய நீரையே பருக வேண்டும். பயணக் காப்பீடு எடுப்போர், அது 4,000 மீட்டர் உயரம் வரை செல்லுமா, ஏற்கெனவே உள்ள நோய்களையும் ஹெலிகாப்டர் செலவையும் ஏற்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

கடைசியாக, ஒரு தாளில் இரத்த வகை, நோய்கள், உண்ணும் மருந்துகள், ஒவ்வாமை, மகன் அல்லது மகளின் தொலைபேசி எண், காப்பீட்டு எண் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். நேபாளத்தில் காவல்துறைக்கு 100, ஆம்புலன்ஸுக்கு 102, சுற்றுலாக் காவலுக்கு 1144. இவற்றையும் அதே தாளில் குறித்துக்கொண்டு, அதன் படியொன்றை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படலாம்.