வயிற்று வலியை "கேஸ்" என்று தள்ளிவிடாதீர்கள்!



கல்யாணமாகி ஒரு வருடம் ஆனால் போதும், எங்கள் கள்ளிக்குப்பத்தில் பெண்ணிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா?" அதே பெண் மாதக்கணக்கில் வயிற்று வலி என்று சொன்னால் மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. "கேஸா இருக்கும், ஓமத்தண்ணி குடி" என்று முடித்துவிடுகிறோம். இந்த இரண்டுக்கும் சில சமயம் நேரடித் தொடர்பு இருக்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் டிபி. டிபி என்றாலே இருமல், நுரையீரல் என்றுதான் நினைக்கிறோம். குடலிலும் அது வரும். வயிற்றுக்குள்ளிருந்து கருக்குழாய்க்குப் பரவலாம். நுரையீரலிலிருந்து ரத்தம் வழியாகவும் போய்ச் சேரலாம். குழாய் அடைத்துக்கொண்டால் கருமுட்டையும் விந்தணுவும் சந்திக்க வழியே இல்லை! கொடுமை என்னவென்றால், பல பெண்களுக்கு வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. குழந்தை இல்லையே என்று பரிசோதனைக்குப் போகும்போதுதான் தெரியவரும். அதனால் விடாத வயிற்று வலியோடு சாயங்காலக் காய்ச்சலும் எடை குறைவதும் சேர்ந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், பெரும்பாலும் ஆறு மாதம். மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால் தழும்பாகி அடைத்துப்போன குழாயைப் பழையபடி ஆக்குவது கடினம். எனவே சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் முக்கியம்.

வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டு டிபியைக் குணமாக்கலாம் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியது, 1956-ல் நம் சென்னையில், சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி மையம். அந்த ஊரில் இருந்துகொண்டு நாம் இன்னும் "டிபி" என்ற வார்த்தையையே ரகசியமாகச் சொல்கிறோம். கல்யாணத்துக்கு முன் பெண்ணுக்கு டிபி இருந்தது தெரிந்தால் சம்பந்தம் போய்விடும் என்று மறைக்கிறோம். மறைத்த நோய் உள்ளே வேலையைக் காட்டாமல் இருக்குமா?

இரண்டாவது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது. உலகில் கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது குடல்மேல் படிந்தால் வயிறு உப்பும், மலச்சிக்கல் வரும், மாதவிலக்கு நாட்களில் மலம் கழிக்கவே வலிக்கும். அல்சர், கேஸ் என்று நினைத்து மாத்திரை போட்டே வருடங்கள் ஓடிவிடும். குழந்தைப்பேறு தள்ளிப்போக இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது சீலியாக் நோய். கோதுமையிலுள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடல் பாதிக்கப்பட்டு, சத்து உடம்பில் சேராமல் போவது. கவனிக்காமல் விட்டால் கருத்தரிப்பதில் சிக்கலும் கருச்சிதைவும் வரலாம். ஆனால் 2016-ல் வெளியான ஓர் ஆய்வின்படி இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேரிடம் இருந்தது, தென்னிந்தியாவில் 0.10 சதவீதம் பேரிடம்தான். அதனால் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் சப்பாத்தியை நிறுத்த வேண்டாம்!

நான்காவது ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதற்கும் வயிற்றுக்கும் உறவு உண்டு. கொக்கிப்புழு குடலில் ரத்தம் குடிக்கிறது. சாப்பிட்ட உடனே குடிக்கும் டீ இரும்புச்சத்தைச் சேரவிடாது. ரத்தமே இல்லாத உடம்பு ஒரு கர்ப்பத்தை எப்படித் தாங்கும்?

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்போ வயிற்றைச் சுத்தம் செய்தால் குழந்தை பிறக்கும்" என்று யாராவது பொடி விற்க வந்தால் தயவுசெய்து நம்பாதீர்கள். பேதி மருந்து கருக்குழாயைத் திறக்காது. புரோபயாடிக் சாப்பிட்டால் கரு தங்கும் என்பதும் இன்னும் நிரூபிக்கப்படாத விஷயம். எல்லா வயிற்று வலியும் குழந்தையின்மையில் போய் முடியாது. வீணாகப் பயப்படவும் வேண்டாம்.

என் கருத்து இதுதான். குழந்தைக்காக டாக்டரிடம் போகிற பெண், வயிற்று வலி, மலச்சிக்கல், பழைய டிபி எல்லாவற்றையும் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். வயிற்று வலிக்காகப் போகிற பெண், மாதவிலக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாக்டரும் இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கணவனும் முதல் நாளே பரிசோதனைக்குப் போக வேண்டும், ஏனென்றால் குறை அவரிடமும் இருக்கலாம். விந்தணுப் பரிசோதனை மிகவும் சுலபமானது. மனைவிக்கு எல்லா டெஸ்டும் எடுத்து முடித்த பிறகு கடைசியில் அவர் போவது என்ன நியாயம்?