குளிர்சாதனப் பெட்டிக்கும் மூச்சுவிட இடம் வேண்டும்

அண்மையில் உறவினர் இல்லமொன்றிற்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டு லாத்தா மின் கட்டண ரசீதை நீட்டி, "ஆளும் கூடவில்லை, புதுச் சாமானும் வாங்கவில்லை. இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து யூனிட் மட்டும் ஏறுகிறதே!" என்று அங்கலாய்த்தார். அவருக்கு மீட்டர் மீதுதான் சந்தேகம். என் கண்கள் சென்றதோ சமையலறை மூலைக்கு. பழைய வீட்டில் கூடத்தில் நின்ற ஃபிரிட்ஜ், இங்கே அளவெடுத்துக் கட்டிய சுவர் மாடத்திற்குள் இறுக்கமாக அமர்ந்திருந்தது. ஒரு முழத் தொலைவில் அடுப்பு. மேலே இருபுறமும் தொங்கும் பூவேலை விரிப்பு.

சகோதரிகளே! குளிர்சாதனப் பெட்டி உள்ளிருக்கும் வெப்பத்தை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. அதன் வேலை அவ்வளவே. பழைய பெட்டிகளில் பின்புறக் கறுப்புக் கம்பிகளின் வழியே அவ்வெப்பம் வெளியேறும். இக்காலப் பெட்டிகள் பலவற்றில் அக்குழாய்கள் பக்கத் தகடுகளுக்குள் மறைந்துள்ளன. பக்கங்கள் சுடுவது அதனால்தான், பழுதன்று. ஆனால், சுற்றிலும் காற்றோட்டம் இல்லையெனில் வெப்பம் அங்கேயே தேங்கும். கம்ப்ரஸர் நெடுநேரம் ஓட நேரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 வாட் இழுக்கும் கம்ப்ரஸர் நாளொன்றுக்கு 10 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட், 15 மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட். இரண்டு மாதங்களில் வேறுபாடு 36 யூனிட். உபயோகம் கூடக்கூட விலையும் கூடும் கட்டண முறையில், இந்த 36 யூனிட் உயர்ந்த விலையிலேயே வந்து சேரும். வாங்கும்போது நட்சத்திரங்களை எண்ணிப் பார்க்கும் நாம், வைக்கும் இடத்தைப் பற்றி எண்ணுவதில்லை.

கட்டணத்தைவிட எனக்குக் கவலை தந்தது வேறொன்று. லாத்தாவின் மாமியாருக்குரிய இன்சுலினும் அப்பெட்டியில்தான் இருந்தது. அது 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டிய மருந்து. குளிர் போதவில்லையென்று லாத்தா திருகை உச்சத்தில் வைத்திருந்தார். மின் செலவு கூடுவது ஒருபுறமிருக்க, உறைந்துபோன இன்சுலின் பயன்படாது.

அன்றே பிள்ளைகளின் உதவியோடு பெட்டியை உணவுக்கூடத்திற்கு மாற்றினோம். மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலில் கொதிக்குமாதலால் அதைத் தவிர்த்து, உட்சுவரைத் தேர்ந்தோம். பின்னும் பக்கங்களிலும் சுமார் 10 செ.மீ., மேலே 30 செ.மீ. இடைவெளி விட்டோம். உங்கள் பெட்டியின் கையேட்டில் வேறு அளவு இருப்பின் அதையே கொள்ளுங்கள். திருகையும் நடுவிற்குக் கொண்டுவந்தோம். விரிப்பை எடுக்கத்தான் லாத்தாவுக்கு மனம் வரவில்லை. தம் கையால் தைத்ததாம். இப்போது அது சாப்பாட்டு மேசையை அலங்கரிக்கிறது.