அந்தாதி அறுபடாமல் இருக்க

அந்தாதிக்கு வரிசையே உயிர். ஒரு பாடலின் முடிவே அடுத்த பாடலின் தொடக்கமாவதால், ஒன்று இடம் மாறினாலும் மாலை அறுந்துவிடும். திருக்கடவூரில் அபிராமி பட்டர் பாடிய 100 பாடல்களும் அவ்வாறு தொடுக்கப்பெற்றவையே. 79-ஆம் பாடலின்போது அன்னை தன் தாடங்கத்தை வானில் வீசி, தை அமாவாசை இரவில் முழுநிலவைக் காட்டினாள் என்பது மரபு. அதன் பின்னரும் பட்டர் நிறுத்தவில்லை. எஞ்சியவற்றையும் பாடியே நிறைவு செய்தார்.

பார்வை மங்கிய முதியோர் பலர் இன்று இந்நூலைக் கையடக்க இசைக்கருவியில் கேட்டே பாராயணம் செய்கின்றனர். மாலையில் விளக்கேற்றி அமர்ந்தால், சில வேளைகளில் கருவி நெடுநேரம் மௌனம் காக்கிறது. நேற்று விட்ட இடத்தையும் மறந்துவிடுகிறது. நிலவு தோன்றிய 79-ஆம் பாடலை அடுத்து 8-ஆம் பாடல் ஒலிக்க, கேட்பவர் மனம் தடுமாறுகிறது.

இது பழுதன்று. கணினியில் இணைத்துக் கழற்றும்போதெல்லாம், சில கருவிகளின் உள்மென்பொருள் எல்லாப் பாடல்களையும் மீண்டும் படித்து அட்டவணையைப் புதிதாக எழுதுகிறது. தாமதம் அதனால் நேர்வது. மேலும், அது பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதால் 1-க்குப் பின் 10, பிறகு 100 என்றே அடுக்குகிறது.

பரிகாரம் எளிது. மின்னூட்டத்திற்குக் கணினியை நாடாமல், சுவரிலுள்ள மின்செருகியைப் பயன்படுத்தலாம், அட்டவணை கலையாது. புதிய பாடல்களை அவ்வப்போது சேர்க்காமல், பகற்பொழுதில் ஒரே முறையாகச் சேர்த்து, அட்டவணை எழுதி முடியும்வரை கருவியை அணைக்காமல் காத்திருப்பது நலம். கோப்புப் பெயர்களின் முன் 001, 002 என மூன்று இலக்கம் இட வேண்டும்; காப்புச் செய்யுளுக்கு 000, நூற்பயனுக்கு 101. பிறகு, பாடகர் பெயர் வழியாகத் தேடாமல் கோப்புறை வழியாகத் திறந்தால் வரிசை பிறழாது.

திருமுறைகளைத் தொகுத்து முறைப்படுத்திய நம்பியாண்டார் நம்பியைச் சைவ உலகம் இன்றும் போற்றுகிறது. பாட்டியின் கருவியில் பொறுமையுடன் எண்ணிடும் பேரப்பிள்ளை செய்வதும் அவ்வழியில் ஒரு சிறு தொண்டே. அபிராமி அந்தாதியின் 100-ஆம் பாடல் முடியுமிடம், முதற்பாடல் தொடங்கிய சொல்லையே சென்று சேர்கிறது. வரிசை காக்கப்படும் இல்லத்தில் அந்த மாலை முழுமையாக அன்னையின் திருவடியை அடையும்.