சிக்கனம் யாருடைய கடமை?

சிக்கனம் என்னும் தலைப்பில் கட்டுரை எழுதாத தமிழ் மாணவர் சிங்கப்பூரில் அரியர். அக்கட்டுரையைத் திருத்தாத தமிழாசிரியர் அவரினும் அரியர். முதற்பத்தியில் எறும்பும் தேனீயும் வரும். இரண்டாம் பத்தியில் சிறுதுளி பெருவெள்ளமாகும். மூன்றாம் பத்தியில் தவறாமல் ஓர் அன்னை வருவார். அவர் மலிவான காய்கறி வாங்குவார். மிஞ்சிய சோற்றை வீணாக்க மாட்டார். எரியும் விளக்கை அணைப்பார். கட்டுரை முடியும், மதிப்பெண்ணும் கிடைக்கும். அந்த அன்னையின் கணவர் எங்கே, அவர் எதைச் சிக்கனப்படுத்துகிறார் என்று நாம் கேட்பதே இல்லை.

நான் ஒருமுறை கேட்டேன். உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவரிடம், தத்தம் வீட்டின் ஒரு மாதச் செலவைப் பட்டியலிட்டு வருமாறு சொன்னேன். மறுநாள் வந்த தாள்களில் அரிசியும் பருப்பும் மீனும் எண்ணெயும் காசு பிசகாமல் இருந்தன. அவற்றுக்கு மேல் ஏதும் இல்லை. ஒரு மாணவி மட்டும் தாளின் அடியில், "அப்பாவின் செலவு அம்மாவுக்கும் தெரியாது" என்று எழுதிப் பின் அடித்திருந்தாள். அடித்த கோட்டின் ஊடே தெரிந்த அந்த ஒரு வரி, நான் அதுவரை திருத்திய சிக்கனக் கட்டுரைகள் அனைத்தினும் உண்மையானது.

எனவே ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். சிக்கனத்தை நாம் அடுப்படியின் கடமையாக்கிவிட்டோம்; செலவை வரவேற்பறையின் உரிமையாக்கிவிட்டோம். இது நீதியும் அன்று. நல்ல கணக்கும் அன்று.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பழைய சந்தைக்கு மாற்றாக 1982இல் எழுந்த தேக்கா நிலையத்துக்குள் ஒரு காலைப்பொழுதில் சென்று நில்லுங்கள். கையில் பையோடு ஒரு தாய், முருங்கைக்காய்க்கு ஒரு கடையில் விலை கேட்டு, வெளியே பஃபலோ சாலையில் இன்னொரு கடையில் கேட்டு, மீண்டும் முதற்கடைக்கே திரும்புவார். அவ்வாறு நடந்து அவர் நாளுக்கு 50 காசு மிச்சப்படுத்துவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 182 வெள்ளி 50 காசு ஆகிறது. வெயிலும் வியர்வையும் கால்வலியும் சேர்ந்து ஈட்டிய தொகை அது.

அதே வீட்டில் ஒருவர் நான்கு இலக்கக் குலுக்கில், புதன், சனி, ஞாயிறு என ஒவ்வொரு குலுக்குக்கும் 5 வெள்ளி கட்டுகிறார் என்க. ஆண்டுக்கு 780 வெள்ளி ஆகிறது. அதில் எவ்வளவு திரும்பும்? பெரிய பந்தயத்தில் ஒரு வெள்ளிக்கு முதற்பரிசு 2,000 வெள்ளி, இரண்டாம் பரிசு 1,000, மூன்றாம் பரிசு 490. அடுத்து 250 வெள்ளிப் பரிசுகள் பத்து, 60 வெள்ளிப் பரிசுகள் பத்து. அனைத்தையும் கூட்டினால் 6,590. எண்களோ பத்தாயிரம். ஆக, கட்டிய ஒவ்வொரு வெள்ளிக்கும் சராசரியாகத் திரும்புவது 66 காசுக்கும் சற்றுக் குறைவு. 780 வெள்ளியில் ஏறத்தாழ 266 வெள்ளி காற்றோடு போயிற்று. மனைவி ஓராண்டு நடந்து சேர்த்ததை விழுங்கியும் அந்தப் பள்ளம் நிரம்பவில்லை! இதில் நம்பிக்கைக்கோ நற்பேற்றுக்கோ இடமில்லை. இது வகுப்பில் ஒரு மாணவன் பத்து நிமிடத்தில் போட்டு முடிக்கும் கணக்கு.

இன்னொன்று காண்போம். தீபாவளிக்கு வாங்கிய நாற்காலித் தொகுதிக்கும் தொலைக்காட்சிக்கும் உரிய 2,000 வெள்ளி கடன் அட்டையில் ஓராண்டு அப்படியே நிற்கிறது. அட்டை வட்டி ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் மேல். எனவே வட்டி மட்டுமே 500 வெள்ளியைத் தாண்டுகிறது. அதே குடும்பத்தின் மத்திய சேமநிதிச் சாதாரணக் கணக்கோ ஆண்டுக்கு 2.5 விழுக்காடு ஈட்டுகிறது. ஒரு கை கரண்டியால் வார்க்க, மறு கை குடத்தைக் கவிழ்க்கிறது.

மின்சாரமும் இப்படியே. ஒரு கிலோவாட் இழுக்கும் குளிர்சாதனம் இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் 8 யூனிட். 60 வாட் மின்விசிறி அதே நேரம் சுழன்றால் அரை யூனிட்டும் இல்லை. யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டால், ஒன்றுக்கு 2 வெள்ளி 40 காசு. மற்றொன்றுக்கு 15 காசும் நிறையவில்லை. அம்மா அணைக்கும் சமையலறை விளக்கைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவன், அதை எழுதுவது குளிரூட்டிய தன் அறையிலிருந்துதான்.

எல்லா வீட்டிலும் தந்தையே குற்றவாளி என்பது என் வாதம் அன்று. சிராங்கூன் சாலை நகைக்கடையில் உறவினர் கண்ணுக்காகச் சங்கிலி தேர்ந்தெடுக்கும் தாய்மாரும் உளர். ஆண்டுதோறும் கைப்பேசி மாற்றக் கேட்கும் பிள்ளைகளும் உளர். பெரிய செலவை யாரும் கேள்வி கேட்பதில்லை, சிறிய செலவை மட்டும் ஒருவர் தலையில் கட்டுகிறோம் என்பதே என் வழக்கு.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்பது முதல் மறுப்பு. அந்த நாலு பேரை நம் முன்னோர் என்றோ எதிர்கொண்டனர். 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். அவருடைய சுயமரியாதை இயக்கம் வலியுறுத்தியவற்றுள் ஒன்று, ஆடம்பரச் சடங்கற்ற எளிய திருமணம். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. அதன் முன்னணியில் நின்ற கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். அவர்களைக் கஞ்சர் என்று எவரும் சொல்ல முடியுமா? 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் தமிழ் நூல்களுக்காகத் "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டியவரும் அதே சாரங்கபாணிதான்; எளிய தொழிலாளரும் அதற்குக் கொடுத்தனர். வீண்செலவைக் குறைக்கச் சொன்னவரே நற்செலவுக்குக் கைநீட்டினார். அவர்கள் பார்வையில் சிக்கனம் சமுதாயச் சீர்திருத்தம். நாமோ அதை வெண்டைக்காய் விலையாகச் சுருக்கிவிட்டோம்.

இரண்டாம் மறுப்பு வலுவானது. "விலை ஏறுகிறது, பொருள் சேவை வரி 1994இல் 3 விழுக்காடாகத் தொடங்கி 2024இல் 9 விழுக்காடாயிற்று, சம்பளம் போதாத வீட்டில் சிக்கனம் பேசுவது ஏழையைக் குறை கூறுவதாகாதா?" என்பர். ஆம், ஆகும். விலைச்சுமை தனி வீட்டின் திறமையால் மட்டும் தீர்வதன்று, கூட்டாகவும் தாங்கவேண்டியது. விலைவாசி கடுமையாக ஏறிய 1973இல் தொழிற்சங்கத்தார் தோ பாயோவில் வெல்கம் கூட்டுறவுக் கடையைத் திறந்தது இதனை உணர்ந்தே. ஆனால் இம்மறுப்பு என் வாதத்துக்கே துணை நிற்கிறது. ஏழை வீட்டின் அடுப்படி ஏற்கெனவே பிழியப்பட்டுவிட்டது. அதை மேலும் பிழிய உபதேசிப்பது கொடுமை. கேள்வி கேட்கவேண்டிய இடம் அடுப்படி அன்று.

வரும் வழி சிறிதாயினும் போகும் வழி பெரிதாகாவிடின் கேடில்லை என்பது வள்ளுவர் கருத்து. போகும் வழி எது என்று காணாமல் அதை எவ்வாறு அடைப்பது? ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சிக்கனத்தைத் தலைப்பாகக் கொடுக்கும்போது ஒரு கற்பனைக் குடும்பத்தின் வரவையும் செலவையும் கடனையும் வட்டியையும் கரும்பலகையில் எழுதுங்கள். எங்கே ஓட்டை என்று மாணவரே கண்டு எழுதட்டும். உண்மை வீட்டுக் கணக்கை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அது நான் செய்த தவறு. ஒரு பெண் தன் வரியைத் தானே அடிக்க நேர்ந்தது அதனால்தான்.

மாணவ மணிகளே, உண்மைக் கணக்கின் இடம் உங்கள் வீட்டு உணவு மேசை. முன்பு நம் பேட்டைகளின் மளிகைக் கடைகளில் 555 என்று எண் பொறித்த சிறு குறிப்பேடு ஒன்று இருந்தது. கடனுக்கு வாங்கியதைக் கடைக்காரர் அதில் எழுதுவார். மாதக் கடைசியில் நாம் தலைகுனிந்து கொடுப்போம். அத்தகைய குறிப்பேடு ஒன்றை இன்று நாமே வாங்குவோம். மாதத்தில் ஓர் இரவு தந்தையும் தாயும் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து, அவரவர் செலவை அவரவர் கையாலேயே எழுதட்டும். எவர் செலவும் எவர்க்கும் மறைவில்லை என்னும் நிலை வந்தபின், எதைக் குறைப்பது என்பதை அந்தக் குறிப்பேடே சொல்லும். அன்றுதான் தேக்காவில் கடை கடையாய் நடக்கும் அந்தத் தாயின் 50 காசு வீட்டில் தங்கும்.