புயல் வருமா, வராதா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

"வானிலை அறிக்கையில் மழை என்றானா? அப்படியானால் குடை வேண்டாம்!" என்று கேலி பேசுவது நம்மவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தபோது இந்தக் கேலி உச்சத்தை எட்டியது. புயலாக வலுப்பெறும் என்றார்கள். பிறகு ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கும் என்றார்கள். 29ஆம் தேதி பிற்பகல் அது புயலாகவே ஆயிற்று. மறுநாள் இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்தும் நகரவில்லை, அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்திலும் புதுச்சேரியிலும் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல்!

இந்தக் கேலி எனக்கு உடன்பாடில்லை. புயல் தானாக நடப்பதில்லை. மேலே வீசும் காற்றே அதைத் தள்ளிச் செல்கிறது. அந்தக் காற்று வலுவிழந்தால் புயல் எங்கே போவதென்று தெரியாமல் தத்தளிக்கும். அந்நிலையில் நேற்றுச் சொன்னதை இன்று திருத்திச் சொல்வதுதானே நேர்மை? 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோனது. அன்று மேலிருந்து பார்க்க இந்தியச் செயற்கைக்கோள் ஒன்றுகூட இல்லை. 1999இல் ஒடிசாவில் சுமார் 10,000 பேர் மாண்டனர். அதே கரையில் 2013இல் ஃபைலின் வந்தபோது லட்சக்கணக்கானோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு நூறைத் தொடவில்லை.

என் குறை வேறு. செவிலிமேட்டில் எங்கள் நெசவாளர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே 'ஆரஞ்சு' என்றால் என்ன, 'சிவப்பு' என்றால் என்ன என்று தெருவே என்னைக் கேட்கிறது. அப்பாவின் கேள்வி ஒன்றுதான்: "நாளைக் காலையில பாவைத் தெருவுல போடலாமாடா?" மாவட்டத்துக்கே ஒரு நிறம் என்றால் இதற்கு அதில் விடை ஏது? சிவப்பு என்றால் 20 செ.மீ.க்கு மேல் பெய்யக்கூடும் என்று பொருள். ஆனால் மூல அறிக்கையில் 'ஓரிரு இடங்களில்' என்றும் இருக்கும். தொலைக்காட்சிக்கு வருவதற்குள் அந்தச் சொல் உதிர்ந்துவிடுகிறது. அன்று எங்கள் தெருவில் வெயில் அடித்தால் "பொய் சொல்லிட்டான்" என்பார்கள். அடுத்த எச்சரிக்கை காதில் ஏறாது.

குழித்தறிக்காரருக்கு இது விளையாட்டல்ல. குழியில் தண்ணீர் ஊறினால் கால் வைக்க முடியாது. ஈரத்தில் பட்டிழை சொன்னபடி கேளாது. தறி நின்றால் கூலியும் நிற்கும். மாதச் சம்பளக்காரருக்குப் புயல் விடுமுறை. எங்களுக்கு அது பட்டினி விடுமுறை.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் இயற்பியல் மாணவர் இருவர், மாலைதோறும் சென்னை வானிலை மையத்தின் அறிக்கையை முழுதாகப் படித்து, நெசவாளருக்குப் புரியும் தமிழில் நான்கு வரி எழுதிக் கூட்டுறவுச் சங்க வாசலில் ஒட்டினால் என்ன? நாளைக் காலை மழைக்கு வாய்ப்பு மிகுதியா, பாதிக்குப் பாதியா. காற்று எந்நேரத்தில் வலுக்கும். தறியிலிருந்து எதை மேலே எடுத்து வைக்கலாம் — இவ்வளவு போதும். தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் பிழை திருத்தித் தர வேண்டும். ஒட்டுவதற்குப் பசை கவலை வேண்டாம். எங்கள் வீட்டில் கஞ்சி இருக்கிறது.