ஜனமைத்திரி காவல்: மலை ஊர்களுக்குத் தனி அளவுகோல் தேவை

கொச்சி: நீதிபதி கே.டி.தாமஸ் ஆணையத்தின் பரிந்துரையை அடுத்து, கேரளத்தில் 2008ஆம் ஆண்டு ஜனமைத்திரி சமூகக் காவல் திட்டம் தொடங்கப்பட்டது. பீட் அதிகாரி ஒருவர் சுமார் 500 வீடுகளுக்கு நேரில் சென்று, மக்களை அறிந்திருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

வீடுகள் நெருங்கிய மட்டாஞ்சேரிக்கு இக்கணக்கு பொருந்தும். மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் பேசுவோர் வாழும் அதன் குறுகிய தெருக்களை நடந்தே சுற்றிவரலாம்.

பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில் நிலைமை வேறு. சுமார் 745 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருளர், முடுகர், குறும்பர் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. அங்கு 2018 பிப்ரவரியில், திருட்டுக் குற்றம் சுமத்தி பழங்குடி இளைஞர் ஒருவரைக் கும்பல் தாக்கியது. காவல்துறை வாகனத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் அவர் உயிரிழந்தார். 2023இல் 14 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு தண்டனை தரும். தாக்குதலைத் தடுக்க, அழைத்தவுடன் வரக்கூடிய, மக்கள் நம்பும் காவலர் வேண்டும். எனவே பீட் எல்லையை வீடுகளின் எண்ணிக்கையோடு, ஊரைச் சென்றடைய ஆகும் நேரத்தையும் கொண்டு வகுப்பதே முறை. பழங்குடியினருக்கான சிறப்பு ஆள்சேர்ப்பைக் கேரளம் ஏற்கெனவே நடத்தியுள்ளது. அவ்வாறு சேர்ந்தோரை, அவர்தம் மொழி புழங்கும் ஊர்களிலேயே பீட் பணியில் நிலைநிறுத்துவது அடுத்த படியாகும்.