பறவைக்கா காசு, நேரத்துக்கா?

பறவை பார்க்கப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கழுத்து வலிக்க மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பவர்கள் ஒரு வகை. ஓரிடத்தில் மறைந்து உட்கார்ந்து, அதுவாக வரட்டும் என்று காத்திருப்பவர்கள் இன்னொரு வகை. இவர்கள் உட்காரும் மறைவுக்குப் பெயர்தான் 'ஹைடு'. பச்சை வலைத்துணியை நாலு பக்கமும் கட்டி, லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி. அவ்வளவுதான் சமாச்சாரம்.

இது புது யோசனை இல்லை. இங்கிலாந்தில் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்று அண்ணன் தம்பி இருவர். 1892லேயே முட்டைகளோடு ஒரு கூட்டைப் படம் எடுத்தவர்கள். பறவை மிரளாமல் இருக்க 1900 வாக்கில் ஒரு மாட்டுத்தோலை வாங்கி, உள்ளே கூடாகப் பொய் மாடு செய்து, அதன் வயிற்றுக்குள் கேமராவோடு நின்றார்கள்! கேட்கச் சிரிப்பு வந்தாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது பாருங்கள். நான் இருப்பது பறவைக்குத் தெரியக்கூடாது. அது அதன் வேலையைப் பார்க்கட்டும், நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

இன்று கைடோடு போய் உட்காரும் ஹைடுகள் பலவற்றில் இந்த நியாயம் தலைகீழாகிவிட்டது என்பதுதான் என் கட்சி.

நான் உட்கார்ந்த ஒரு ஹைடில் (எந்த ஊர், யாருடையது என்பதெல்லாம் வேண்டாம்) கைடு அண்ணன் பாசி பிடித்த ஒரு கட்டையின் பொந்தில் புழுக்களைப் போட்டுவிட்டு வந்தார். கேமரா பக்கம் தெரியாதபடி அழகாக. பிறகு செல்போனில் பறவையின் குரலை ஓடவிட்டார். பத்து நிமிஷத்தில் பறவை ஆஜர். எல்லோரும் வீடியோ எடுத்தோம். பார்ப்பவர்களுக்கு அது நடுக்காட்டில் தற்செயலாகக் கிடைத்த அபூர்வக் காட்சி. செல்போன் சத்தம் இருக்கும் இடத்தில் புல்லாங்குழல் இசையைப் போட்டுவிட்டால் முடிந்தது கதை.

புகைப்படத்தைவிட வீடியோவில் இந்த ஆசை அதிகம். போட்டோவுக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். வீடியோவுக்கு அந்தப் பறவை பத்து, இருபது நொடியாவது நம் கண்ணெதிரே இருக்க வேண்டும். காட்டுப் பறவையைச் சும்மா நிற்க வைக்க என்ன வழி? புழுதான் வழி.

"இதில் என்னப்பா தப்பு? மொட்டை மாடியில் காக்காய்க்குச் சோறு வைக்கிறோமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காக்காய் நம்மோடு குடித்தனம் நடத்துகிற பறவை. காட்டுப் பறவையைத் தினம் ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்துக்கு வரப் பழக்கினால் அந்த நேரம் வல்லூறுக்கும் பழகிவிடும். குரலை ஓடவிடுவது இன்னும் மோசம். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் நுழைந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது அது. நாம் அதை "என்ன அழகாகப் பாடுகிறது!" என்று ரசிக்கிறோம்.

சட்டமும் இதைச் சாதாரணமாக விடவில்லை. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்தில் கொல்வதும் பொறி வைப்பதும் மட்டுமல்ல, இரை காட்டி இழுப்பதும் இருக்கிறது. புழு போடுகிறவரெல்லாம் வேட்டைக்காரர் என்று நான் சொல்லவில்லை. கேமராவைத் தூக்கியதாலேயே நாம் வேறு ஜாதி ஆகிவிட மாட்டோம் என்றுதான் சொல்கிறேன்.

அதற்காக ஹைடே வேண்டாம், கைடே வேண்டாம் என்பதும் அபத்தம். கேரளாவில் தட்டேக்காடு இருக்கிறதே, 1983ல் சலீம் அலி பெயரில் சரணாலயமான இடம். அங்கே தவளைவாயன் என்றொரு பறவை. பகலெல்லாம் ஜோடியாகக் காய்ந்த இலை மாதிரி கிளையில் ஒட்டிக்கொண்டு தூங்கும். விவரம் தெரிந்த உள்ளூர்க்காரர் காட்டாமல் அதைக் கண்டுபிடிக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. இடுவது ஒரே ஒரு முட்டை. அதையும் பகலில் ஆண் பறவை அடைகாக்கும். 'குறுக்கே இலை இருக்கிறது, ஷாட் சரியில்லை' என்று ஒருவர் இலையை ஒதுக்கினால் அந்தக் குடும்பத்தின் ஒரே மறைவு போயிற்று. ஒதுக்க விடாமல் தடுக்கும் கைடு அந்தப் பறவைக்குப் பெரிய காவல்.

அப்படியானால் கைடு ஏன் புழு போடுகிறார்? இங்கேதான் நம்ம பி.காம் மூளை கொஞ்சம் வேலை செய்தது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் கூலி இரண்டு வகை என்று படித்தோமே, நேரக் கூலி, பீஸ் ரேட். பீஸ் ரேட்டில் உருப்படி எண்ணிக்கை ஏறும், தரம் இறங்கும். அதனால்தான் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தைத்த துணியைச் சரிபார்க்கத் தனியாக செக்கிங் ஆள் வைத்திருக்கிறார்கள். நாம் கைடுக்குக் கொடுப்பதும் பீஸ் ரேட்தான். பறவை வந்தால் டிப்ஸ், புகழ்ச்சி, அடுத்த மாதம் இன்னும் பத்து பேர். வராவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம், "அந்தாள் வேஸ்ட்" என்று ஊரெல்லாம் சொல்கிறோம். சீசன் முடிந்தால் வருமானம் இல்லாத மனுஷர் வேறென்ன செய்வார்? அந்தக் காட்டில் செக்கிங் ஆளும் கிடையாது.

தப்பு அவரிடம் கால்வாசி என்றால் நம்மிடம் முக்கால்வாசி. 'நிச்சயம் கிடைக்கும்' என்ற வார்த்தையை விலை கொடுத்து வாங்குவது நாம்தான். நிச்சயமாகக் கிடைக்கிற பறவையைப் பார்க்கத்தான் உயிரியல் பூங்கா இருக்கிறதே!

நான் கேட்பது இரண்டே இரண்டு. கோடையில் ஒரு தொட்டியில் தண்ணீர் மட்டும் வைத்துக் காத்திருக்கும் ஹைடுகளைத் தேடிப் போவோம். புழு போட்டோ குரல் ஓடவிட்டோ எடுத்த வீடியோ என்றால் அதை வீடியோவிலேயே ஒரு வரி எழுதிவிடுவோம். அடுத்த தடவை கைடுக்கு போன் போட்டு "என்ன பறவை கிடைக்கும்?" என்று கேட்காமல், "எத்தனை மணி நேரம் உட்காரலாம்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டாலும் பேசிய பணத்தைச் சிரித்துக்கொண்டே கொடுங்கள். மறுநாள் அவர் புழு டப்பாவை எடுக்காமல் வரத் துணிவார்.